விரலை எடுத்தால் நிற்க வேண்டும்

செப்டம்பர் 29, திங்கள்

கம்பெனிப் பதிவேட்டில் எண்களை மட்டும்தான் எழுதலாம். திட்ட வேண்டும் என்றால் எனக்கு இந்த நோட்டுதான் கதி. இன்று திட்டு வாங்க வேண்டியவர் எங்கள் முதலாளி நந்தகோபால் சார். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர பேட்டரி வண்டி எங்களுடையது. தீபாவளிக்கு முன்னால், பதினெட்டாம் தேதிக்குள், அறுபது பேருக்கு அதைக் கொடுத்துவிடுவதாக ஒரு அறக்கட்டளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அனுமதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. சென்னை ஆய்வகத்திலிருந்து ஃபௌசியா மேடம் நேரில் பார்க்க வருவதே பதினைந்தாம் தேதிதான்.

"ஏனுங் சார், பொண்ணே பாக்காம மண்டபம் புடிச்சுட்டீங்களே?" என்றேன்.

"எல்லாம் நீ இருக்கற தைரியத்துலதாம்மா கலாமணி" என்றார். இப்படிச் சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டார் மனுஷன். சோதனைப் பிரிவுக்கு நான் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் குறிச்சியில் இருக்கிற எங்கள் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகாது.

தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தாயிற்று. தூசி அறையில் வைத்தாயிற்று. சார்ஜர் சூடும் பார்த்தாயிற்று. பாக்கி இருப்பது சரிவுச் சோதனை. பின் ஷெட்டில் இரும்புத் தகட்டால் ஒரு சாய்தளம் இருக்கிறது. அதில் இருபது தடவை இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் லீவரிலிருந்து கட்டைவிரலை எடுக்க வேண்டும். எடுத்ததும் வண்டி தானாக நிற்க வேண்டும். இந்த வண்டியில் தனி பிரேக் கிடையாது. லீவரை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். எங்கள் தொழிலுக்கு வேதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஓட்டப்போவது புஷ்பலதா. ஒயரிங் பிரிவில் வேலை. முதுகுத்தண்டில் கட்டி வந்து ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆனது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முன்பெல்லாம் மணல் மூட்டையை சீட்டில் கட்டித்தான் வண்டியை இறக்குவோம். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரமே, "மூட்டைக்கு விரல் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இடுப்பு ஒடிந்துவிட்டது. பொரி, சுண்டல், பூசணிக்காய், வாழைக்கன்று, எல்லாம் என் தலையில். ஆண்பிள்ளைகள் தோரணம் கட்டுகிறேன் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். பன்னீர் விட்டு ஒரு சட்டி சந்தனம் குழைத்தேன். லேத்துக்கு, டிரில்லிங் மிஷினுக்கு, திவாகரின் கம்ப்யூட்டருக்கு, இதுவரை தயாரான பன்னிரண்டு வண்டிகளுக்கும் பூசிப் பொட்டு வைத்தேன். திவாகர் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். "கீபோர்டுக்கு மட்டும் வேண்டாங்க மேடம்" என்று கும்பிட்டான். போனால் போகிறதென்று விட்டேன்.

ஏழாம் நம்பர்தான் சோதனைக்குப் போகிற வண்டி. அதற்கு மட்டும் தாராளமாக வைத்தேன். நல்லபடியாகப் போய்வர வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால் இவர் காபி கேட்கிறார். கேட்பதற்கு வாய் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

எழுதினால்தான் இன்று தூக்கம் வரும்.

நேற்று விடுமுறை. இன்று காலை சரிபார்ப்புப் படிவத்தை முடித்துவிட்டு பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பத்து இறக்கம் பிசகில்லாமல் போயிற்று. பதினோராவது இறக்கத்தில் நான் "விடு" என்று கத்தினேன். வண்டி நிற்கவில்லை. வேகம் குறையக்கூட இல்லை. சாய்தளத்தைத் தாண்டி நேராகப் போய் எதிரே இருந்த இரும்பு ரேக்கில் மோதியது. சாவி சீட்டுக்குக் கீழே இருக்கிறது, அவளால் குனிய முடியாது. முகம் ஹேண்டிலில் அடித்து உதடு கிழிந்துவிட்டது. வலது மணிக்கட்டு ரேக்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. திவாகர் ஓடிப்போய் சாவியைத் திருப்பினான்.

ஐயோ, அந்தச் சத்தம். அவள் அழவில்லை. "விரல எடுத்துட்டனுங்க்கா, எடுத்துட்டனுங்க்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். மணிக்கட்டு எலும்பு முறிவு, ஐந்து வாரம். உதட்டில் நாலு தையல்.

திரும்பி வந்து வண்டியைத் துடைத்தேன். லீவரெல்லாம் ரத்தம். பார்க்கச் சகிக்கவில்லை. ஈரத்துணியால் நாலைந்து தடவை அழுத்தித் துடைத்தேன். சிவப்பும் மஞ்சளுமாக ஆகிவிட்டது துணி. குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 4, சனி

ஏழாம் நம்பரை மணல் மூட்டையோடு முப்பது தடவை இறக்கிப் பார்த்தோம். லீவரை நூல் கட்டி இழுத்துவிட்டோம். முப்பது தடவையும் ஒழுங்காக நின்றது. ஸ்பிரிங்கில் குற்றமில்லை. மோட்டார் பிரேக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

வண்டிக்குள்ளே இருக்கிற பதிவை திவாகர் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினான். மோதும் வரைக்கும் லீவர் முழுசாக அழுத்தப்பட்டிருந்ததாக அதில் இருக்கிறது.

நந்தகோபால் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதிவு பொய் சொல்லாதும்மா. பாவம், அந்தப் புள்ளைக்கு விரல எடுக்க வரல. எடுத்துட்டதா நெனச்சிருக்கா."

எனக்குத் தலைவலி.

அக்டோபர் 6, திங்கள்

சோதனையில் நடக்கிற விபத்தை ஆய்வகத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், அது விதி. "ஓட்டியவரின் கட்டைவிரல் லீவரிலிருந்து விலகவில்லை" என்று சார் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அதன் கீழே புஷ்பாவின் கையெழுத்து வேண்டும். என்னையே போகச் சொல்லிவிட்டார்.

சுந்தராபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். தங்கச்சி மில்லுக்குப் போனால் சாயந்திரம்தான் வருவாள். மத்தியானத்துக்குப் பார்க்க ஆளில்லை. இடது கையால் சாப்பிடேன் என்றால், அந்தக் கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டால்தான் உடம்பு நிமிர்ந்து நிற்கும் என்கிறாள். நான் அதை யோசிக்கவே இல்லை. ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டிவிட்டேன். உதட்டில் தையல் இருப்பதால் சின்னச் சின்ன உருண்டையாக.

தாளை இரண்டு தடவை படித்தாள்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குதுங்களாக்கா?"

"அப்படித்தான் இருக்குது கண்ணு."

"அப்ப நாந்தான் எடுக்கலயாட்டம் இருக்குது" என்றாள். இடது கையால் எழுத்து எழுத்தாகக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் சாய்ந்துவிடாமல் நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மாவு அரைத்தேன். காஸ் தீர்ந்துவிட்டது. புஷ்பாவுக்குத் தயிர்சாதம்.

அக்டோபர் 8, புதன்

இன்று நடந்ததை எழுத எனக்கு மனசே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு ஊசியை எடுத்துக் கொடுத்தாள். மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரல் நுனிகள் வீங்கித் தெரிகின்றன. "நான் கண்ண மூடிக்கறனுங்க்கா. நீங்க குத்துங்க. எந்த விரல்னு சொல்றேன்" என்றாள்.

"என்னத்துக்கு இந்த விளையாட்டு?"

ஆபரேஷன் செய்த டாக்டர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னாராம்: கால் போனது போனதுதான், ஆனால் எப்போதாவது கைவிரல் மரத்தால் உடனே ஓடி வா, கட்டி மேலே ஏறுகிறது என்று அர்த்தம். "கால் போனப்பவும் இப்படித்தானுங்க்கா. செருப்புக் கழண்டதே தெரியாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டேன். இப்பக் கைக்கு வந்துருச்சு. எடுத்துட்டேன்னு நான் நெனைக்கறேன், விரல் எடுக்கல."

குத்தினேன். சுண்டுவிரல், சரியாகச் சொன்னாள். நடுவிரல், சரி. கட்டைவிரலைக் குத்தினேன். "ஆள்காட்டி" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

வீக்கத்தால் அப்படி இருக்கும் என்றேன். அவள் காதில் விழவில்லை. பதினாறாம் தேதி ஸ்கேனுக்குப் பதிந்திருக்கிறாளாம். ஒயரிங் பிரிவில் தன்னுடைய இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். "காலு இல்லாம இருந்துட்டனுங்க்கா. கையும் இல்லாம இருக்க எனக்குத் தெரியாது" என்றாள்.

நான் ஊசியைப் பெட்டியில் போட்டு மூடினேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

தலைவலி. லீவு.

அக்டோபர் 10, வெள்ளி

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஸ்டோரில் போய் இரண்டாம் நம்பர் வண்டியைப் பார்த்தேன். பூஜை அன்று வைத்த சந்தனம் அப்படியே காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதிலும் லீவர் மேல் வைத்திருக்கிறேன். சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு லீவரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். சந்தனம் பொரிந்து லீவர் ஓரத்து இடுக்கில் தூளாக இறங்கிற்று. பதினாலாவது தடவை முழுசாக அழுத்திவிட்டு விரலை எடுத்தேன்.

லீவர் திரும்பவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாவியை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் அப்புறம் இது எதற்கு?

நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறேன். சே. மூன்றாம் தேதியே எனக்குத் தெரியும். துணியில் மஞ்சளைப் பார்த்தபோதே சந்தனம்தான் என்று புரிந்துவிட்டது. அதற்காகத்தான் நாலைந்து தடவை அழுத்தித் துடைத்தேன். ரத்தம் ஒரே துடைப்பில் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள் ஏறுவதற்கு முன்னால் லீவரைப் பத்துத் தடவை அழுத்தி, தானாகத் திரும்புகிறதா என்று பார்த்துப் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். அன்று காலை ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறு கையால் டிக் அடித்தேன். லீவரைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் சந்தனம் கையில் உதிர்ந்திருக்கும்.

சாரின் ஆர்டருக்காக நான் வாயை மூடவில்லை. கலாமணி பூசின சந்தனத்தால் வண்டி மோதியது என்று லேத்துக்காரன் முதல் வாட்ச்மேன் வரைக்கும் சிரிப்பார்களே, அதற்காக மூடினேன். அவ்வளவு அற்பமான காரணம். அதற்காக ஒருத்தி தன் கை செத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் தினமும் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறேன்.

இவர் "முறுக்கு எப்ப சுடறே?" என்று கேட்டார். எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அக்டோபர் 13, திங்கள்

நந்தகோபால் சாரிடம் சொல்லிவிட்டேன். டிக் அடித்ததையும் சேர்த்து.

"தொடச்சுட்டா சரியாப் போச்சல்ல?" என்றார். "லீவர் மேல ஒண்ணும் பூசக்கூடாதுன்னு புத்தகத்துல ஒரு வரி போட்டுருவோம்."

"சார், உங்க காரு வந்தன்னிக்கு மொதல்ல புத்தகத்தப் படிச்சீங்களா, சந்தனம் வெச்சீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். அறுபது வண்டி அறுபது வீட்டுக்குப் போகும். இறக்கி வைத்த உடனே மாலை போடுவார்கள், எலுமிச்சம்பழம் வைப்பார்கள், சந்தனம் பூசுவார்கள். கை வைத்து ஓட்டுகிற இடத்தில்தான் முதலில் பூசுவார்கள். நான் என்ன செய்தேனோ அதையேதான் செய்வார்கள். அப்புறம் தெருவில் சரிவாக ஒரு இடம் வரும், எதிரே லாரியும் வரும்.

"அந்த அறுபது பேரு இத்தன வருஷமா ஊட்டுக்குள்ளயே கெடந்தவங்கம்மா. தீபாவளிக்கு வெளிய வர்றோம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. அவங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நானும் அவங்களுக்காகத்தானுங் சார் சொல்றேன்."

"மேடம் வந்துட்டுப் போகட்டும். மூடி கீடி போட்டு அப்பறமா சரிபண்ணிக் குடுத்துக்கலாம். நாளன்னிக்கு நீ வாயத் தொறக்காத. உன்னக் கையெடுத்துக் கேக்கறேன்" என்றார். நிஜமாகவே கையெடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என் முன்னால் அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

புஷ்பாவிடம் சொன்னேன்.

சோறு பிசைந்துகொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. தூக்குச்சட்டியைத் திறக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், படிவம், துணி, இரண்டாம் நம்பர் வண்டி. "உன் விரல் எடுத்துருச்சு புஷ்பா. லீவர்தான் திரும்பல. உன் கைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. என்ன ஜென்மம் நான்.

கட்டைவிரலை மடக்கினாள், நிமிர்த்தினாள். மறுபடி மடக்கினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தையலில் இறங்கியது. துடைக்கப் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்பத் தெரியும்ங்க?"

"அன்னிக்கே."

"பதினோரு நாளு." அக்கா என்று சேர்க்கவில்லை. "ஊசியக் குடுத்துக் குத்தச் சொன்னேன். ஒவ்வொரு விரலாக் குத்துனீங்க. தப்பாச் சொன்னதும் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான உக்காந்திருந்தீங்க? அப்பக்கூட உங்களுக்கு வாய் வரல."

மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

"எந்திரிச்சுப் போங்க" என்றாள். "அந்தச் சட்டியையும் எடுத்துட்டுப் போங்க. நான் கையெழுத்துப் போட்ட தாள் அங்கதான இருக்குது? அதுக்கு என்ன பண்ணப்போறீங்கன்னு பாத்துட்டு அப்பறமாப் பேசறேன்."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாருக்கு உடம்புக்கு முடியலைங்க?" என்று விசாரித்தாள்.

அக்டோபர் 15, புதன்

ஃபௌசியா மேடம் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். ஒல்லியான அம்மா, பேச்சு குறைவு. விபத்து அறிக்கையைப் படித்துவிட்டு, "ஓட்டினவங்க எங்க?" என்றார்.

"வீட்ல ரெஸ்ட்ல இருக்காங்க மேடம்" என்றார் சார். என்னைப் பார்க்கவே இல்லை.

"மேடம், அந்த அறிக்கை தப்பு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அத அடிச்சது நான். வண்டி ஏன் நிக்கலன்னு ஓட்டிக் காட்டறேன்."

காலையிலேயே சந்தனம் குழைத்து, ஏழாம் நம்பர் லீவரில் அன்று வைத்த மாதிரியே வைத்து, மின்விசிறிக்கு முன்னால் காயவிட்டிருந்தேன். ரேக்குக்கு முன்னால் திவாகரைக் கொண்டு நாலு மெத்தை அடுக்கச் செய்தேன். அவன் சாவிக்கு ஒரு கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டான். சார், "கலாமணி, வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் ஏறி உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஆள் உட்காரும் சீட்டில் நான் உட்கார்ந்து இறங்கியதே இல்லை என்பது அங்கே மேலே போன பிறகுதான் உறைத்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரைக்கும் நின்றது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு அல்ப ஆசை வந்தது, எழுதிவிடுகிறேன்: சிக்காமலே போய்விடட்டும், நான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று. ஒன்பதாவதில் விரலை எடுத்தேன். வண்டி என்னைக் கேட்கவே இல்லை, அது பாட்டுக்குப் போயிற்று. காலால் தரையைத் தடுக்கப் பார்த்தேன். எனக்குக் கால் இருக்கிறது, அவளுக்கு அதுவும் இல்லை. திவாகர் கயிற்றை இழுப்பதற்குள் மெத்தையில் போய்ப் புதைந்தேன்.

மேடம் டார்ச் அடித்து லீவர் இடுக்கைப் பார்த்தார். ஒரு பேனாக் கத்தியால் தூளைச் சுரண்டித் தாளில் மடித்து வைத்துக்கொண்டார். காலைச் சரிபார்ப்புப் படிவத்தைக் கேட்டார். டிக் என்னுடையது, தொடாமல் அடித்தது என்றேன். எழுதிக்கொண்டார்.

"தண்ணி, தூசி, சூடு எல்லாத்துக்கும் சோதனை இருக்கு. சந்தனத்துக்கு யாரும் எழுதி வைக்கல" என்றார். "ஆனா எங்க வீட்ல என் பையனோட பைக்குக்கு, வாங்கின கடையிலயே வெச்சுத்தான் அனுப்பினாங்க. லீவருக்கு ரப்பர் உறை போடுங்க. இடது கைக்கு எட்டற மாதிரி சிவப்பு பட்டன் ஒண்ணு வைங்க, அமுக்கினா மொத்தமா நிக்கணும். அது வரைக்கும் சான்றிதழ் கிடையாது."

பழைய அறிக்கையைக் குறுக்கே அடித்துவிட்டு என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அதன் நகலை திவாகரிடம் கொடுத்து புஷ்பாவுக்கு அனுப்பினேன். நானே கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை.

சாயந்திரம் முழுக்க சார் தன் அறையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். அறக்கட்டளையிடம் சொன்னால் போதும், ஆனால் அவர் அறுபது பேரையும் தானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கதவு வழியாகக் கேட்டது. "தப்பு எங்க பேர்லதானுங்க... ஆமாங்க... தீபாவளிக்கு ஆகாதுங்க..." யாரோ ஒருவர் ரொம்பத் திட்டியிருக்க வேண்டும், வெகுநேரம் "சரிங்க, சரிங்க" என்றுகொண்டிருந்தார். கிளம்பும்போது நிற்காமல் என்னைத் தாண்டிப் போனார்.

அக்டோபர் 17, வெள்ளி

புஷ்பாவின் தங்கச்சி போன் செய்தாள். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லையாம். கையில் நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறதாம். "அக்கா சொல்லச் சொல்லல, நானாத்தான் சொல்றேன்" என்றாள். பூஜை அறையில் போய் நின்றேன். நன்றி சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

முறுக்கு கருகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

உறையும் பட்டனும் தயாராகி பன்னிரண்டு வண்டிகளுக்கும் போட்டாயிற்று. மேடம் மறுபடி வருவதற்கு முன்னால் நாங்களே சரிவில் விட்டுப் பார்க்க வேண்டும். சார் இந்த ஒரு மாதமாக வேலையைத் தவிர ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை. இன்று கூப்பிட்டார். உள்ளே புஷ்பா இருந்தாள். மணிக்கட்டில் மாவுக்கட்டுக்குப் பதில் துணிக்கட்டு. உதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"சோதனைப் படிவத்துல இனிமே யாரு கையெழுத்துப் போடறதுன்னு இந்தப் புள்ளையவே கேட்டேன்" என்றார் சார். வேலை போனது என்றே நினைத்தேன்.

"அவங்களே போடட்டுங்க" என்றாள் புஷ்பா, அவரைப் பார்த்து. "ஆனா கையெழுத்துப் போடறவங்க மொதல்ல ஏறி இருபது தடவையும் எறங்கோணும். அப்பறந்தான் நான் ஏறுவேன். எந்த வண்டியா இருந்தாலுஞ் சரி, எத்தன வருஷமானாலுஞ் சரி. எழுதி மாட்டிருங்க."

சார் எழுதச் சொல்லி திவாகரைக் கூப்பிட்டார்.

நவம்பர் 12, புதன்

பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். புஷ்பா தன் நாற்காலியில் சாய்தளத்தின் பக்கத்தில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சந்தனச் சட்டியை அவளே கொண்டுவந்திருந்தாள். ஏழாம் நம்பர் லீவரிலும், ரப்பர் உறையின் மடிப்புக்குள்ளும் தாராளமாக அப்பியிருந்தாள். நேற்றே வைத்துக் காயவிட்டதாம்.

ரேக்குக்கு முன்னால் திவாகர் மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அத எடுத்துருங்க" என்றாள்.

"இல்லைங்க, ஒரு பாதுகாப்புக்கு..."

"எனக்குப் போட்டீங்களா?"

திவாகர் என்னைப் பார்த்தான். எடுத்துவிடு என்றேன். சாவிக் கயிறும் வேண்டாம் என்றேன். பட்டன் இருக்கிறது, பட்டனை நம்பித்தானே அறுபது பேரை ஏற்றப்போகிறோம்.

ஏறுவதற்கு முன்னால் லீவரைப் பத்துத் தடவை அழுத்தி விட்டேன். அவள் வாய்விட்டு எண்ணினாள். மேலே போய்த் திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் அந்த இரும்பு ரேக் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. அழுத்தினேன், இறங்கினேன், "விடு" என்று புஷ்பா கத்தினாள். விட்டேன். நின்றது. அவள் எழுதினாள்.

ஐந்து. பத்து. பதினொன்றில் என் கால் தானாகத் தரையைத் தேடியது. அவள் அதைப் பார்த்தாள். நின்றது. பதினைந்தாவதில் இடது கையால் சிவப்புப் பட்டனை அமுக்கச் சொன்னாள், அதற்கும் நின்றது. இருபதுக்கு வரும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சார் எப்போது வந்து கதவோரம் நின்றார் என்று தெரியவில்லை.

இருபதும் ஆயிற்று. இறங்கப் போனேன்.

"கலாமணி அக்கா" என்றாள். அப்படிக் கூப்பிட்டு ஒரு மாதமாயிற்று. பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனா அடுத்த வரியில் காத்துக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு" என்றாள்.

வண்டியைத் திருப்பி மேலே ஏற்றினேன்.